ஓடாத வண்டியின் பாட்டரி



மோட்டார் காரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அது ஓடும் விதத்தைப் பற்றியே பேசுவார்கள். நான் இன்று ஓடாத காரைப் பற்றிப் பேசப் போகிறேன். கொட்டகையில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்குள், அதன் பாட்டரி என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதே இன்றைய பேச்சு. “நிற்கிற வண்டியில் அது என்ன செய்யும்? சும்மாதான் இருக்கும்” என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறு என்பதை ஒரு நள்ளிரவில் கற்றுக்கொண்டேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியதை நீங்கள் சிறுவர்களாய் இருந்து கண்டிருப்பீர்கள். என் சிறிய காரையும் அன்று கொட்டகையில் நிறுத்திப் பூட்டினேன். தூசி படியாமல் ஒரு துணியுறையும் போட்டேன். வண்டிக்கு வேண்டிய உபசாரமெல்லாம் செய்துவிட்டதாக எனக்கு நிறைவு. மே மாத இறுதியில் ஓர் இரவு, பக்கத்து வீட்டுப் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்தார். அவருடைய மனைவியார் எங்கள் வாயிலுக்கு ஓடி வந்து, “தம்பி, வண்டியை எடுங்கள்” என்றார். எடுக்க ஓடினேன். சாவியிலுள்ள பொத்தானை அழுத்தினேன், கதவு திறக்கவில்லை. சாவியைத் துளையில் நுழைத்துக் கையால் திறந்து உள்ளே அமர்ந்து திருகினேன். விளக்கு மினுங்கி மங்கியது. ‘டிக்’ என்ற ஒரு சிறு ஓசை. பின்பு அதுவும் இல்லை.

நல்ல வேளையாக, 108 எண்ணுக்குச் சொன்னதும் ஆம்புலன்ஸ் வந்தது. பெரியவரை அழைத்துச் சென்றது. இடுப்பெலும்பு முறிவோடு அவர் தப்பினார். ஆயினும் அந்த இடைப்பட்ட நேரத்தில் வீதியில் நின்ற என் நிலையை நான் மறக்கவில்லை. ஏனென்றால், நான் கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவன். காரீயப் பாட்டரியின் வேதிமாற்றங்களை இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வந்தவன். எழுதியதை என் வீட்டுக் கொட்டகை வரை கொண்டு செல்லாமல் விட்டவனும் நானே.

சில நாட்களுக்குப் பின் பாட்டரிப் பழுது பார்க்கும் ஒருவர் வந்தார். பள்ளியிறுதி வரை படித்தவர். வண்டியைப் பார்த்துவிட்டு, “வண்டியைத்தான் நிறுத்தினீர்கள், சார், பாட்டரியை நிறுத்தவில்லையே” என்றார். இன்றைய பேச்சின் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அதைத்தான் விரித்துச் சொல்லப் போகிறேன்.

முதலில், பாட்டரி என்பது என்ன? அதனுள் மின்சாரம் தண்ணீர்போல் நிரப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. உள்ளே இருப்பவை காரீயத் தகடுகளும், நீர் கலந்த கந்தக அமிலமுமே. 1859-இல் காஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி இரண்டு காரீயத் தகடுகளைச் சுருளாகச் சுற்றி அமிலத்தில் அமிழ்த்தினார். மின்சாரத்தை உள்ளே செலுத்தினால் அது வாங்கி வைத்துக்கொண்டது. வேண்டும்போது திருப்பிக் கொடுத்தது. மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தத்தக்க முதல் பாட்டரி அதுதான். இன்று உங்கள் வீட்டு வாயிலில் நிற்கும் காரில் இருப்பதும் அதன் நேர் வாரிசே. 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில், சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் இடம்பெற்றது. அதற்கு முன் எஞ்சினைக் கைப்பிடி கொண்டு சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். கைப்பிடி எதிர்த்து உதைத்துக் கை முறிந்தவர்களும் உண்டு. அந்த உழைப்பைப் பாட்டரி ஏற்றுக்கொண்டது.

காரிலுள்ள பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்தால் ஏறத்தாழ 12.6 வோல்ட். ஒவ்வோர் அறையிலும் எதிர்த்தகடு தூய காரீயம். நேர்த்தகடு காரீய டை ஆக்சைடு. மின்சாரம் வெளியே செல்லும்போது இரு தகடுகளும் அமிலத்தோடு வினைபுரிந்து, காரீய சல்பேட் என்னும் ஒரே பொருளாக மாறிக்கொண்டு வருகின்றன. அமிலம் செலவாகிறது, நீர் பிறக்கிறது. ஆகவே பாட்டரி இறங்க இறங்க, உள்ளிருக்கும் திரவம் நீர்த்துப் போகிறது. வெளியிலிருந்து மின்சாரத்தை மறுபடி செலுத்தினால் இந்த மாற்றம் பின்னோக்கி நடக்கிறது. சல்பேட் கரைந்து, பழைய தகடுகளும் பழைய அமிலமும் மீள்கின்றன.

இனி, நிற்கும் வண்டிக்கு வருவோம். அதில் பாட்டரியைக் குறைப்பவை இரண்டு. ஒன்று வெளியே நடப்பது. மற்றொன்று உள்ளேயே நடப்பது.

வெளியே நடப்பதை முதலில் பார்ப்போம். இக்காலத்துக் காரைப் பூட்டிவிட்டாலும் அது முழுமையாக உறங்குவதில்லை. கடிகாரம் ஓடுகிறது. திருடரைக் காட்டிக்கொடுக்கும் மணி விழித்திருக்கிறது. உங்கள் சாவியின் சைகைக்காகக் கதவின் பூட்டு காத்திருக்கிறது. எஞ்சினை ஆளும் சிறு கணிப்பொறி தன் நினைவைக் காத்துக்கொள்கிறது. இவையெல்லாம் சேர்ந்து இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறிது. என் வண்டியில் அந்தப் பழுதுபார்ப்பவர் அளந்து காட்டியது 25 மில்லி ஆம்பியர். அதாவது ஓர் ஆம்பியரில் நாற்பதில் ஒரு பங்கு. “இது ஒரு பொருட்டா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை; ஒரு தாளைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னார். நீங்களும் என்னோடு போட்டுப் பாருங்கள்.

ஒரு சிறிய எஞ்சினைக் கிளப்ப 150 ஆம்பியர் மின்னோட்டம் இரண்டு வினாடி தேவைப்படுகிறது என்று கொள்வோம். அதற்குச் செலவாகும் மின்னூட்டம் 300 கூலும். இனி, 25 மில்லி ஆம்பியர் ஒரு நாள் முழுவதும், அதாவது 86,400 வினாடி ஓடினால்? 2,160 கூலும். அதாவது ஏழு முறைக்கு மேல் எஞ்சினைக் கிளப்பும் மின்னூட்டம்! நான் நிம்மதியாக உறங்கிய ஒவ்வொரு நாளிலும், யாரோ வந்து என் வண்டியை ஏழு தடவை கிளப்பி, ஓட்டாமல் அணைத்துவிட்டுப் போனதற்கு இது சமம். என் பாட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர்-மணி. நாளொன்றுக்கு 0.6 ஆம்பியர்-மணி கழிந்தால் 58 நாட்களில் அது வெறுமையாகிவிடும். நான் வண்டியை நிறுத்தியிருந்ததோ அறுபது நாட்களுக்கு மேல்! குதிரில் நெல்லைக் கொட்டி மூடிவிட்டு, அடியில் எலி போட்ட துளையைப் பாராமல் இருந்தவனின் கதைதான் என் கதை.

உள்ளே நடப்பது இதனினும் நுட்பமானது. கம்பிகளை எல்லாம் கழற்றித் தனியே வைத்தாலும் பாட்டரி தானாகவே சிறிது சிறிதாக இறங்கும். தகடுகளும் அமிலமும் எப்போதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் வினை முற்றிலும் நிற்பதில்லை. நல்ல நிலையிலுள்ள இக்காலப் பாட்டரி, மிதமான வெப்பத்தில் மாதத்திற்கு ஏறத்தாழ 3 முதல் 5 விழுக்காடு இவ்வாறு இழக்கும். ஆனால் வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் இந்த வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வண்டியின் கதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

“இறங்கினால் என்ன? மறுபடி ஏற்றிக்கொள்ளலாமே” என்று கேட்பீர்கள். நானும் அதையே செய்தேன். ஓர் இரவு முழுவதும் மின்னேற்றினேன். காலையில் பாட்டரி நிறைந்துவிட்டதுபோல் காட்டியது. மாலைக்குள் மீண்டும் சோர்ந்துவிட்டது. வாங்கி இரண்டாண்டுகூட ஆகாத பாட்டரி அது. அதைக் கொன்றது எது?

கற்கண்டு செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? சர்க்கரைப் பாகைக் காய்ச்சி, நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் பல நாள் வைப்பார்கள். சிறு சிறு படிகங்கள் மெல்ல வளர்ந்து கெட்டிக் கட்டிகளாகிவிடும். நாவில் பட்டதும் கரையும் சர்க்கரை, கடித்தாலும் உடையாத கற்கண்டாகிறது. காரீய சல்பேட்டும் அப்படியே. அது புதிதாய்த் தோன்றும்போது பொடிப்பொடியான படிகங்களாக இருக்கிறது. மின்னேற்றினால் எளிதில் பழைய நிலைக்குத் திரும்பும். இறங்கிய பாட்டரியை வாரக்கணக்கில் அப்படியே விட்டால், சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களின்மேல் படிகின்றன. அவை தடித்து, இறுகி, தகட்டின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. பின்னர் எவ்வளவு மின்சாரம் செலுத்தினாலும் அவற்றில் பெரும்பகுதி அசைந்து கொடுப்பதில்லை. ஆகவே நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்: இறங்குவது பாட்டரியின் இயல்பு, இறங்கிய நிலையில் கிடப்பதே அதன் நோய்.

குளிர்நாடுகளில் இன்னொரு கேடும் உண்டு. நிறைந்த பாட்டரியின் அமிலம் சுழிக்குக் கீழே 60 டிகிரி வரை உறையாது. முற்றிலும் இறங்கிய பாட்டரியிலோ பெரும்பாலும் நீரே இருப்பதால், சுழிக்குச் சில டிகிரி கீழே சென்றதும் உறைந்து, விரிந்து, பெட்டியைப் பிளந்துவிடும். நமக்குப் பகை உறைபனியன்று, வெயில். எனினும் இரு பகைக்கும் காப்பு ஒன்றே: பாட்டரியை நிறைந்த நிலையில் வைத்திருப்பது.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். ஒரு மாதத்திற்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்று தெரிந்தால், முதல் வேலை பாட்டரியை முழுமையாக மின்னேற்றுவது. பாட்டரியின் மேற்பரப்பைத் துடைத்துத் தூய்மையாக்குங்கள். அழுக்கும் ஈரமும் சேர்ந்தால் அவற்றின் வழியாகவும் சிறிது மின்சாரம் கசியும். முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஆப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சிறிது வாசலின் தடவலாம். அந்தச் சோடாநீர் அறைகளுக்குள் ஒரு துளியும் புகலாகாது. புகுந்தால் அமிலத்தைக் கெடுத்துவிடும்.

மூடியைத் திறக்கத்தக்க பாட்டரியாயின், தகடுகள் திரவத்தில் மூழ்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்நீரில் கரைந்துள்ள உப்புகள் தகட்டைப் பாழாக்கும். அமிலத்தை ஊற்றவே கூடாது. ஏனென்றால் ஆவியாகவும் வாயுவாகவும் குறைந்தது நீரே தவிர அமிலமன்று.

அடுத்து, கம்பியைக் கழற்றுவது. எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். மறுபடி பூட்டும்போது அதைக் கடைசியாகப் பூட்ட வேண்டும். இது வெறும் சம்பிரதாயமன்று. காரின் இரும்புடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. நேர்முனையை முதலில் கழற்ற முயலும்போது உங்கள் கையிலுள்ள ஸ்பானர் வண்டியின் உடலில் எங்கேனும் பட்டுவிட்டால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த ஸ்பானர் வழியே பாயும், தீப்பொறி பறக்கும், விரலில் மோதிரம் இருந்தால் அது நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். எதிர்முனையை முதலில் பிரித்துவிட்டால் இந்த அபாயம் இல்லை. கழற்றுமுன் வண்டியின் கையேட்டை ஒருமுறை படியுங்கள். சாவியை வெளியே உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் மின்சாரம் போனால் பூட்டுகள் திறவா.

பின்னர் மாதம் ஒருமுறை வோல்ட்மீட்டரால் அளந்து பார்க்க வேண்டும். இங்கே ஒரு வினா. 12 வோல்ட் பாட்டரி என்று பெயர் பெற்ற ஒன்றில், மீட்டர் சரியாக 12 வோல்ட் காட்டினால் அது எந்த நிலையில் இருக்கிறது? என் மாணவர்களில் பெரும்பாலோர், “நிறைவாக இருக்கிறது” என்கிறார்கள். உண்மையில் அதில் முக்கால் பங்கு தீர்ந்துவிட்டது! நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்டும். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கே மிச்சம். வண்டியை ஓட்டியவுடனோ மின்னேற்றியவுடனோ அளந்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டி ஏமாற்றும். சில மணி நேரம் ஓய்வு கொடுத்த பின்பே அளக்க வேண்டும். 12.4-க்குக் கீழே இறங்கினால் காலந்தாழ்த்தாமல் மின்னேற்றிவிடுங்கள்.

மின்னேற்றும் ஓட்டம், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது நலம். 35 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு மூன்றரை ஆம்பியர். நிறைந்ததும் தானே தணிந்து காவல் காக்கும் சார்ஜர்கள் இப்போது கிடைக்கின்றன. நெடுங்காலம் நிற்கும் வண்டிக்கு அவை ஏற்றவை. பழைய மாதிரிச் சார்ஜரைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடாதீர்கள். பாட்டரி நிறைந்த பிறகும் செலுத்தப்படும் மின்சாரம், உள்ளிருக்கும் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிக்கும். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறியில் தீப்பற்றும். ஆகையால் காற்றோட்டமுள்ள இடத்திலேயே மின்னேற்றுங்கள். அருகில் பீடியும் தீக்குச்சியும் ஆகா. கவ்விகளை முனைகளில் மாட்டிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். சுவிட்சை நிறுத்திய பிறகே கவ்விகளை எடுங்கள். அமிலம் தெறித்தால் உடனே நிறைய நீரால் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே இருந்து, பின்பு மருத்துவரிடம் செல்லுங்கள்.

மக்களிடையே வழங்கும் இரண்டு நம்பிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, பாட்டரியைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் மின்சாரம் தரைக்குள் இறங்கிவிடும் என்பது. மரப்பெட்டியிலும் பழைய ரப்பர்ப் பெட்டியிலும் பாட்டரி வந்த காலத்தில், ஈரத்தின் வழியே கசிவு ஏற்பட்டிருக்கலாம். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்த அச்சம் வேண்டியதில்லை. மற்றொன்று, வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதும் என்பது. ஐந்து நிமிடத்தில், கிளப்புவதற்குச் செலவானது திரும்பக் கிடைக்கும். ஆனால் ஒரு வாரக் கசிவு ஈடாவதில்லை. காரீயப் பாட்டரி பசித்த குழந்தையைப் போல் அவசரமாக விழுங்காது. மெல்ல மெல்லத்தான் வாங்கிக்கொள்ளும். எஞ்சின் முழுச் சூடேறாமல் அணைவதால் புகைபோக்கியில் ஈரம் தங்கித் துருவேறுவதும் உண்டு. வண்டியை வெளியே எடுத்து ஒரு மணி நேரம் ஓட்டி வருவது வேறு, அது நல்லதே.

இத்தனைக்கும் பின் பாட்டரி இறந்துவிட்டால், அதைக் கொல்லையில் எறியாதீர்கள். காரீயம் நரம்பைத் தாக்கும் நஞ்சு. சிறு குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை அது குன்றச் செய்கிறது. அதே காரீயத்தை முறையான ஆலையில் உருக்கினால் மீண்டும் புதிய பாட்டரிக்குத் தகடாகும். விற்ற பாட்டரிகள் திரும்பி வந்து சேர்வதற்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் விதிகளை இந்திய அரசு 2022-இல் வெளியிட்டது. பழையதைக் கடையில் ஒப்படைத்துப் புதியது வாங்குங்கள்; நானும் அவ்வாறே செய்தேன்.

“எங்கள் வீட்டில் கார் இல்லையே” என்று சிலர் எண்ணலாம். தந்தையாரின் ஸ்கூட்டரில் இருப்பதும், மின்வெட்டின்போது விளக்கெரிக்கும் இன்வெர்ட்டரில் இருப்பதும் பெரும்பாலும் இதே காரீயப் பாட்டரிதான். புதிதாக வந்துள்ள மின்சாரக் கார்களில்கூட, ஓட்டுவதற்கான பெரிய பாட்டரியோடு, பூட்டுக்கும் விளக்குக்கும் 12 வோல்ட்டில் ஒரு சிறிய பாட்டரி தனியே உண்டு. அது தீர்ந்துவிட்டால் பெரியது நிறைந்திருந்தும் வண்டி விழிக்காது. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லுமுன் வீட்டிலுள்ள பாட்டரிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

என் வீட்டு நாட்காட்டியில் இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது. அன்று காலை வோல்ட்மீட்டரோடு கொட்டகைக்குச் செல்வேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் கைத்தடியை ஊன்றியபடி மதிலோரம் வந்து நின்று, “தம்பி, எவ்வளவு காட்டுகிறது?” என்று கேட்பார். “பன்னிரண்டரைக்கு மேலே, ஐயா” என்பேன். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே செல்வார். நான் எந்த மாதமேனும் மறந்தாலும், அவர் மறப்பதில்லை.